வெயிலுக்கு உரியவர் யார்?

வெயிலுக்கு விலை இல்லை. ஆகவே அதைப் பங்கிட்டுக்கொள்வதில் வழக்கும் இராது என்று நாம் எளிதாக எண்ணிவிடுகின்றோம். இப்போது பல நாடுகளில் ஒரு தெரு, ஒரு குடியிருப்பு, ஒரு தீவு என மக்கள் ஒன்றுகூடி, வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் தமக்கு வேண்டிய வெப்பத்தையும் மின்சாரத்தையும் பெறும் ஏற்பாடுகளைச் செய்துவருகின்றனர். கட்டடக் கலைஞரும் பொறியாளரும் இதனைத் தம் துறைச் செய்தியாகப் பேசுகின்றனர். நமக்கோ இது முதலில் அண்டை வீட்டாரைப் பற்றிய கேள்வியாகவே தோன்றுகின்றது. பலர் சேர்ந்து வைத்துள்ள ஒரு பொருளில் எவருக்கு என்ன உரிமை, எவர்மீது என்ன கடமை என்பது, மின்சாரம் கண்டுபிடிக்கப்படுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் சட்ட அறிஞர்கள் நுணுகி ஆராய்ந்த பொருளாகும்.

முதலில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுவோம்.

கனடா நாட்டின் அல்பர்ட்டா மாநிலத்தில், கல்கரி நகருக்குத் தெற்கே ஓகோடோக்ஸ் என்றோர் ஊர் இருக்கின்றது. குளிர்காலத்தில் வெப்பநிலை சுழிக்குக் கீழே 30 பாகை வரை இறங்கிவிடும் நிலப்பகுதி அது. அங்கே டிரேக் லாண்டிங் என்னும் பெயரில் 52 வீடுகளைக் கொண்ட ஒரு குடியிருப்பை எழுப்பி, 2007இல் புதியதொரு வெப்ப ஏற்பாட்டைத் தொடங்கினர். வீடுகளின் பின்புறமுள்ள கார்க் கொட்டகைகளின் கூரைகளில் ஏறத்தாழ 800 தகடுகளைப் பதித்தனர். இவை மின்சாரம் தரும் தகடுகள் அல்ல. வெயிலின் வெப்பத்தைத் தமக்குள் ஓடும் நீர்மத்தில் ஏற்றித் தருபவை. கோடையில் வீட்டைச் சூடாக்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. எனவே அந்த வெப்பத்தை நிலத்துக்குள் அனுப்பினர். அடுத்தடுத்து 144 துளைகளை 35 மீட்டர் அளவு ஆழத்துக்கு இட்டு, அவற்றில் குழாய்களை இறக்கி, சுடுநீரை ஓடவிட்டனர். கோடை முடியும்போது அந்த மண்ணின் நடுப்பகுதி 80 பாகை வரை சூடேறும். பின்னர்ப் பனிக்காலத்தில் அதே குழாய்களின் வழியே வெப்பத்தை எடுத்து வீடுகளுக்கு அனுப்புவர். வீடுகளும் வெப்பம் எளிதில் வெளியேறாவண்ணம் கனத்த காப்புடன் கட்டப்பட்டிருந்தன. 2015-16 குளிர்காலத்தில் அந்த 52 வீடுகளைச் சூடாக்கத் தேவையான வெப்பம் முழுவதும் சூரியனிடமிருந்தே கிடைத்தது.

மண்ணிலே வெப்பத்தைப் புதைத்துவைப்பது என்றால் நம்மவர்க்கு வியப்பாயிருக்கும். ஆனால் ரமலானில் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் நுட்பம் உடனே விளங்கும். அஸருக்குச் சற்று முன்னர் இறக்கிவைத்த அண்டாக் கஞ்சி நோன்பு திறக்கும் வரை சூடாக இருக்கின்றது. அதே கஞ்சியைக் கிண்ணத்தில் மொண்டு வைத்தால் சிறிது நேரத்தில் ஆறிவிடுகின்றது. பொருள் திரளாக இருக்கும்போது, அதன் அளவை நோக்க, வெப்பம் வெளியேறும் புறப்பரப்புச் சிறுத்துவிடுகின்றது. ஒரு வீட்டுக்காரர் தம் கொல்லையில் இரண்டு மூன்று துளைகளை இட்டு வெப்பத்தைச் சேமிக்க முயன்றால், பனி விழுமுன் அது மண்ணோடு மண்ணாய்ப் பரந்து மறைந்துவிடும். ஐம்பத்திரண்டு வீட்டார் சேர்ந்ததால்தான் அது நின்றது. அண்டை வீட்டாரோடு கூடி வாழ்க என்று எந்த உபதேசியும் அங்கே வந்து சொல்லவில்லை. வெப்பத்தின் இயல்பே அதைக் கேட்டது.

அத்தகைய ஏற்பாட்டை நிறுத்திவிடுவதென 2024இல் முடிவாயிற்று. பதினேழு ஆண்டுகள் உழைத்த அமைப்பில் கசிவுகள் தோன்றின, உறுப்புகள் பழுதாயின, மாற்று உறுப்புகள் கிடைப்பது அரிதாயிற்று, செப்பனிடும் செலவோ பெருகிற்று. வீடுகள் தனித்தனி வெப்பக் கருவிகளுக்கு மாற நேர்ந்தது. வெயில் குறைந்துவிடவில்லை. மண்ணும் தன் குணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. தேய்ந்தது குழாய்.

இதனைக் கண்டு, பொதுவில் வைத்தது எதுவும் நிலைக்காது என்று கைகொட்டுவோர் உளர். அவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. அது சோதனை முயற்சியாகத் தொடங்கப்பட்டது. பதினேழு குளிர்காலங்கள் மக்களைக் காத்தது. அதனிடமிருந்து பிற நாட்டாரும் கற்றுக்கொண்டனர். நம் கேள்வி வேறு. அந்த வெப்பம் ஐம்பத்திரண்டு வீட்டாருக்கும் பொதுவாக இருந்தது என்கிறோமே, அவர்கள் உண்மையில் எதில் பங்காளிகளாக இருந்தனர்? வெப்பத்தைப் பெற்றனர்; மாதந்தோறும் அதற்குரிய கட்டணத்தைச் செலுத்தினர். குழாய்களும் தொட்டிகளும் துளைகளும் அவர்களுடைய உடைமை அல்ல. அதற்கென அமைந்த ஒரு நிறுவனத்தின் உடைமை. நிறுத்துவதென்ற முடிவும் அந்த நிறுவனத்தின் குழுவில் எடுக்கப்பட்டதே.

நீர், மேய்ச்சற்புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் முஸ்லிம்கள் அனைவர்க்கும் பங்குண்டு என்னும் கருத்துடைய நபிமொழி அபூதாவூது, இப்னு மாஜா தொகுப்புகளில் வந்திருப்பதை வாசகர்கள் அறிவார்கள். அதை மேடையில் எடுத்துக்காட்டி, 'ஆகவே சூரிய மின்சாரமும் யாவர்க்கும் பொது' என்று முடித்துவிடுவது எளிது. அப்படி முடிப்பவர்களை நாம் கேட்டிருக்கின்றோம். ஆனால் அந்நபிமொழிக்கு ஹனஃபீ அறிஞர்கள் எழுதிய விளக்கத்தைப் படித்தவர்கள் அவ்வளவு விரைவாக முடிவுக்கு வரமாட்டார்கள். ஒருவன் திறந்த வெளியில் தீ மூட்டுகிறான். பிறர் வந்து குளிர் காயலாம். அதன் வெளிச்சத்தில் தம் வேலையைப் பார்க்கலாம். ஈரத் துணியை உலர்த்தலாம். தம் விளக்கை அதில் ஏற்றிக்கொள்ளலாம். தீ மூட்டியவன் இவற்றைத் தடுத்தல் ஆகாது. ஆனால் அந்தத் தீயிலிருந்து ஒரு கங்கை எடுத்துச் செல்ல வேண்டுமென்றால் அவனுடைய இசைவு வேண்டும். ஏனெனில் கங்கு அவன் விறகு. அவன் தேடி வெட்டிச் சுமந்து வந்த பொருள்.

இந்தப் பிரிவினை நம் பொருளுக்கு எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள். வெயில், சுடரின் ஒளியைப் போன்றது; அதற்கு உடையவன் இல்லை. தகடும் குழாயும் மின்கலமும் கங்கைப் போன்றவை. அவற்றைச் செய்தவன் ஒருவன், வாங்கியவன் ஒருவன், துடைத்துப் பேணுகிறவன் ஒருவன். வெயில் பொது என்பதனால் அதைப் பிடித்துத் தரும் கருவியும் பொதுவாகிவிடாது. எனவே ஒரு தெருவார் சேர்ந்து சூரிய ஏற்பாட்டைச் செய்கின்றனர் என்றால் அவர்கள் வெயிலைப் பங்கிடவில்லை. வெயில் அவர்கள் பங்கிடுவதற்கு முன்பே பங்கிடப்பட்டாயிற்று. அவர்கள் பங்கிடுவது கருவியை, கருவியின் தேய்மானத்தை, அது பழுதாகும் நாளை.

இரு வீட்டாருக்குப் பொதுவான சுவர் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அது இடிந்துவிட்டது. ஒருவர் கட்ட விரும்புகிறார், மற்றவர் மறுக்கிறார். மறுப்பவரை வற்புறுத்தலாமா? இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் பழைய கருத்துப்படி வற்புறுத்தலாம். எகிப்துக்குச் சென்றபின் அவர்கள் கூறிய புதிய கருத்துப்படி வற்புறுத்த முடியாது. இமாம் நவவீ (ரஹ்) தம் மின்ஹாஜில் இந்தப் புதிய கருத்தையே குறித்துவைத்துள்ளார்கள். ஒருவர் தம் சொந்தக் கல்லையும் மண்ணையும் கொண்டு கட்ட முன்வந்தால் அவரைத் தடுக்கலாகாது. ஆனால் அப்படிக் கட்டப்பட்ட சுவர் அவர் ஒருவருக்கே உரியதாகும். பிற்கால அறிஞருள் சிலர் பழைய கருத்தின்படித் தீர்ப்பளித்ததும் உண்டு.

இந்தப் பாடம் வரும்போதெல்லாம் மாணாக்கர் ஒருவர் எழுந்து, 'வற்புறுத்தக் கூடாதென்றால் சுவர் அப்படியே கிடக்க வேண்டியதுதானா?' என்று கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் புதிய கருத்துக்குப் பின்னால் உள்ள காரணத்தைப் பார்க்க வேண்டும். சுவர் இல்லாததால் ஒருவருக்குத் துன்பம் என்றால், கையில் பணமில்லாதவரைச் செலவு செய் என்று நெருக்குவது மற்றவருக்குத் துன்பம். ஒரு துன்பத்தை மற்றொரு துன்பத்தால் நீக்குவதற்குச் சட்டம் தயங்குகிறது. இதை நாம் கருணை என்றே கொள்கின்றோம். சட்டம் தயங்கும் இடத்தில் உடன்படிக்கைக்கு இடமிருக்கிறது. சுவர் நிற்கும்போதே, இடிந்தால் யார் எவ்வளவு தருவது என்று இருவரும் மனமொப்பி எழுதிவைத்திருந்தால், வற்புறுத்தல் என்ற பேச்சுக்கே தேவை எழாது.

பொது வெப்பமோ பொது மின்சாரமோ வைக்க நினைக்கும் எந்தக் குடியிருப்பும் முதலில் எழுத வேண்டியது இந்தப் பத்திரத்தையே என்பது நம் கருத்து. தகடு எத்தனை, கம்பி எவ்வளவு என்பதெல்லாம் பிறகு. ஐம்பது வீடுகளில் ஒன்றில் முதியவர் ஒருவர் ஓய்வூதியத்தில் வாழ்வார். மற்றொன்றில் குடும்பத் தலைவர் மறைந்து பிள்ளைகள் படித்துக்கொண்டிருப்பர். இன்னொரு வீடு கைமாறி, பழைய பேச்சு எதுவும் அறியாத ஒருவர் குடிவந்திருப்பார். பதினைந்தாம் ஆண்டில் பெருஞ்செலவு வரும்போது இவர்களிடம் போய்த் தலைக்கு இவ்வளவு என்று நிற்பது அறமாகாது. முதல் மாதத்திலிருந்தே சிறுகச் சிறுக ஒதுக்கிவைத்தால் அந்தச் செலவு ஒரே தலைமுறையின்மீது விழாது. இயலாதவர் பங்கை யார் சுமப்பது என்பதையும், அவர் முகம் வாடாதபடி, அவர் கேட்குமுன் எழுதிவைக்கலாம்.

டென்மார்க் நாட்டின் சாம்சோ தீவு இவ்வகையில் கவனிக்கத்தக்கது. நாலாயிரம் பேர் அளவில் வாழ்ந்த அந்த வேளாண் தீவு, 1997இல் அந்நாட்டு அரசு நடத்திய போட்டியொன்றில், தன் தேவைகளை இயற்கை ஆற்றலால் நிறைவு செய்யப்போகும் தீவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. பெரும் நிறுவனம் எதுவும் வந்து அதைச் செய்து கொடுக்கவில்லை. சோரன் ஹெர்மன்சன் என்னும் உள்ளூர் ஆசிரியர் வீடு வீடாகவும் கூட்டம் கூட்டமாகவும் பேசினார். (ஆசிரியர் என்பதில் நமக்குச் சிறிது மகிழ்ச்சி.) 2000இல் தரையில் 11 காற்றாலைகள் எழுந்தன, ஒவ்வொன்றும் ஒரு மெகாவாட் ஆற்றலுடையது. அவற்றுள் ஒன்பது உழவர்களுக்குத் தனித்தனியே உரியவை. இரண்டு, தீவு மக்கள் பலர் பங்கு வாங்கிய கூட்டுடைமை. 2003 அளவில் கடலில் மேலும் பத்துக் காற்றாலைகளை நட்டனர். அவற்றுள் ஐந்தை ஊராட்சியே வாங்கிற்று. சிற்றூர்களில் வைக்கோலை எரித்து நீரைச் சூடாக்கி, நிலத்தடிக் குழாய்களில் வீடுகளுக்கு அனுப்பும் நிலையங்களும் அமைந்தன. வைக்கோல் அத்தீவின் வயலில் விளைந்ததே.

காற்றாலை வேண்டாம், அதன் இரைச்சல் தாங்காது, கண்ணுக்கு அழகாயில்லை என்று பல நாடுகளில் ஊரார் வழக்காடுகின்றனர். சாம்சோவில் எதிர்ப்பு அடங்கியதற்குக் காரணம் அவர்கள் செவிகள் வேறாக அமைந்தன என்பதன்று. தமக்குப் பங்குள்ள சக்கரம் சுழலும்போது மனிதனுக்கு அது வருமானத்தின் ஓசையாகக் கேட்கிறது! இதை இகழ்ச்சியாகச் சொல்லவில்லை. பயனைப் பெறுபவரே பாரத்தையும் ஏற்க வேண்டும் என்பது நம் சட்ட நூல்களின் அடிப்படைகளுள் ஒன்று. இரைச்சலைத் தாங்குகிறவர்க்கு ஆதாயத்திலும் பங்கு வேண்டும் என்பது அதன் மறுபக்கம். நம் தமிழகத்திலும் கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி 2006இல் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைத் தனதாக்கிக்கொண்டது. அந்த ஊரில் போதிய காற்றில்லை. ஆலையை வேறோர் இடத்தில் நட்டு, தன் தேவைக்குமேல் எஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது. கடனும் ஊருடையது, காற்றாலையும் ஊருடையது.

பத்திரம் எழுதும் நிலையில் உள்ளவர்களைப் பற்றியே இதுவரை பேசினோம். கூரையே இல்லாதவர்கள் எங்கே போவார்கள்?

பாகிஸ்தானில் நடந்ததைப் பார்க்கலாம். அங்கே மின்கட்டணம் தாங்க முடியாத அளவுக்கு ஏறியதால் வசதியுள்ளோர் தம் கூரைகளில் தகடுகளைப் பதிக்கத் தொடங்கினர். 2024ஆம் ஆண்டில் மட்டும் அந்நாடு இறக்குமதி செய்த தகடுகளின் ஆற்றல் ஏறத்தாழ 17,000 மெகாவாட். ஒவ்வொருவரும் தம் வீட்டளவில் செய்தது குற்றமற்ற செயல்; புகையில்லாதது, சிக்கனமானது. ஆனால் பழைய மின்நிலையங்களுக்கு, மின்சாரம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் கொடுத்தே தீர வேண்டிய தொகை ஒன்று இருக்கின்றது. வசதியுள்ளோர் விலகவிலக, அந்தத் தொகை எஞ்சியிருப்போரின் தலையில் கூடுதலாக ஏறுகிறது. எஞ்சியிருப்போர் யார்? வாடகைக் குடித்தனக்காரர், அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இருப்பவர், தகடு வாங்க முன்பணம் இல்லாதவர். நல்ல செயல்கள் பல சேர்ந்து ஓர் ஏழையின் சுமையாக மாறுவதை இங்கே காண்கிறோம். தனித்தனியே பார்த்தால் பாவம் செய்தவர் ஒருவரும் இலர். இவ்வகைத் தீமையை எடுத்துச் சொல்வது கடினம். பழி சொல்வதற்கு ஆள் அகப்படுவதில்லை.

நம் நாட்டில் 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டம் ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டது; கூரையில் தகடு பதிப்போர்க்கு ரூ.78,000 வரை மானியம் தருகின்றது. நல்ல திட்டமே. கூரை உடையவர்க்கு அது நேரே போய்ச் சேரும். வாடகை வீட்டில் இருப்பவர் மாடிப்படியில் நின்று பார்க்க வேண்டியவராகிறார். பொதுக் கூரைகளின் தேவை இங்கேதான் வருகின்றது. பள்ளிக்கூடம், திருமண மண்டபம், சமூகக் கூடம் ஆகியவற்றின் கூரைகள் பகல் முழுதும் வெயிலில் காய்கின்றன. மொராக்கோ நாட்டில் 2014இல் பள்ளிவாசல்களுக்கெனச் சூரிய ஆற்றல் திட்டம் ஒன்று தொடங்கிற்று. அங்கே உயர் அட்லஸ் மலைப்பகுதியில் உள்ள தத்மாமத் என்னும் சிற்றூரின் பள்ளிவாசல் கூரையில் கிடைக்கும் மின்சாரம், பள்ளியின் தேவை போக, தெருவிளக்குகளுக்கும் கிணற்று நீரை இறைக்கவும் பயன்படுவதாயிற்று. நம் ஊர்களில் இதைச் செய்வதானால் வக்ஃபு செய்தவர் விதித்த நிபந்தனையை முதலில் பார்க்க வேண்டும். பள்ளிவாசல் விளக்கை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாகாது என்று எழுதிய அறிஞர்கள் அதைக் கஞ்சத்தனத்தால் எழுதவில்லை; வக்ஃபு செய்தவரின் நோக்கம் சிதையக் கூடாதென்றே எழுதினார்கள். புதிதாக வக்ஃபு எழுதுவோர், கூரையின் வெயில் தெருவிலுள்ள ஏழைகளுக்கு என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வதற்குத் தடையொன்றும் நாம் காணவில்லை.

இனி நிழலைப் பற்றி. நம் கடற்கரை ஊர்களில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும், சந்துகள் குறுகியவை. ஒரு வீட்டின் நிழல் மற்றொன்றின் சுவரைக் குளிர்விக்கும். அந்நாளில் அது வசதி. இன்று அதே நிழல் வழக்காகிவிட்டது. அண்டை வீட்டார் இருவர் நம்மிடம் வந்தனர். ஒருவர் தம் மாடியில் தகடு பதித்திருக்கிறார். தெற்கேயுள்ளவர் மகளுக்கென மேலும் ஒரு தளம் எழுப்புகிறார். சுவர் எழுந்ததும் தகடுகளில் பாதி நேரம் நிழல். வெயில் யாருடையது என்பதே இருவரின் கேள்வியும்.

பழைய நூல்கள் இதில் பெரும்பாலும் கட்டுபவர் பக்கமே நிற்கின்றன. உஸ்மானியப் பேரரசின் சட்டத் தொகுப்பான மஜல்லா, வெளிச்சத்தை முற்றாக அடைப்பதைப் பெருந்தீங்கு என்று விலக்கினாலும், வெயில் நுழைவதைத் தடுப்பதை அவ்வாறு கொள்ளவில்லை. வெயில் அடிப்படைத் தேவைகளில் சேராது என்பது அதன் எண்ணம். அக்காலத்தில் அது சரியே. மாலிக்கீ மத்ஹபில் 14ஆம் நூற்றாண்டு அறிஞர் கலீல் இப்னு இஸ்ஹாக் (ரஹ்) எழுதிய சுருக்க நூலும், ஒளியையோ வெயிலையோ காற்றையோ மறைக்கும் கட்டடத்தைத் தடை செய்யவில்லை. ஆனால் ஒரே ஒரு விலக்கைச் சொல்லுகிறது. களத்து மேட்டுக்கு வரும் காற்றை மறைத்துக் கட்டலாகாது. காற்று இல்லாவிட்டால் உழவன் எதைக் கொண்டு பதரைத் தூற்றுவான்? வீட்டுக்குள் வரும் காற்று சுகத்துக்கானது. களத்தில் வரும் காற்று அவன் உழைப்பின் கருவி.

கூரையில் பதித்த தகடு வீட்டுச் சன்னலைச் சேர்ந்ததா, களத்தைச் சேர்ந்ததா? களத்தோடு ஒப்பிடுவதே பொருத்தம் என்பது நம் எண்ணம். மத்ஹபு மாறித் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் நமக்கில்லை. ஆனால் ஒரு குடியிருப்பைப் புதிதாக வரைபவர்கள் இந்த ஒப்புமையை மனத்தில் கொள்ளலாம். எந்த வீடு எவ்வளவு உயரலாம், எந்தக் கூரையின் வெயிலை எந்தச் சுவரும் மறைக்கலாகாது என்று வரைபடத்திலேயே கோடிட்டுவிட்டால், பின்னால் யாரும் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை.

பழைய தெருவில் அது இயலாதே. ஆகவே நாம் அவ்விருவருக்கும் சொன்னது இது: தகடுகள் புதிய தளத்தின் மேலே போகட்டும், இடம் தந்தவர்க்கு மின்சாரத்தில் ஒரு பங்கு, தகடு தந்தவர்க்கு மீதி, துடைப்பதும் பழுது பார்ப்பதும் பங்கின் அளவுப்படி. இருவரும் இசைந்தனர். எழுத உட்கார்ந்தபோது, அந்த வீடு மகளின் பெயருக்கு மாறி, பின்னர் அவள் அதை விற்றுவிட்டால் தகடுகள் எங்கே போகும் என்று வடக்கு வீட்டார் கேட்டார். தெற்கு வீட்டார் மகளைக் கேட்டுச் சொல்வதாகக் கூறிப் போயிருக்கிறார்.